ஐந்தாம் இயந்திரத்தின் ஹேண்டல்

சீனியில்லாத தே ஓ கோசோங் கேட்டிருந்தேன், இன்ஸ்பெக்டர் துவான். சீனி போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன்.

என் பெயர் ரூபேந்திரன். தெப்ராவில், பிளாஸ்டிக் சாமான்களை அச்சில் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. இயந்திரங்களை இயக்குவது நான் எழுதிய புரோகிராம். ஊழியர்கள் தொடும் திரை ஷர்மினி எழுதியது. அவள் புரோகிராம் இயந்திரத்தை நேரடியாகத் தொடக்கூடாது. என்னுடையதிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஓர் எண் கிடைக்கும். அதைத்தான் ஹேண்டல் என்போம். பேரங்காடியில் பையை வாங்கிக்கொண்டு வில்லை கொடுப்பார்களே, அது மாதிரி. அந்த எண் அவள் பக்கம் இருக்கும்வரை இயந்திரம் அசையாது. அதை நம்பித்தான் பழுது பார்ப்பவர் அச்சுக்குள் நுழைவார். எண் கைவிட்டுப் போனால் அச்சு மூடி அடுத்த வார்ப்பைத் தொடங்கிவிடும். திரை வந்தபிறகு, உள்ளே நுழையுமுன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடும் வழக்கமும் போய்விட்டது.

வாங்கியவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவன் பிடுங்கக் கூடாது; அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த விதியை எழுதியதே நான்தான்.

ஷர்மினியின் புரோகிராம் அடிக்கடி திருப்பிக் கொடுக்க மறந்தது. வேலை முடிந்தும் இயந்திரங்கள் சும்மா நின்றன. கூட்டத்தில் மேனேஜர் மூர்த்தி கேட்டபோது, கோளாறு ரூபேந்திரன் பக்கம்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவமானமாக இருந்தது, துவான். திரும்பி வராத ஹேண்டலைக் கொஞ்ச நேரத்தில் தானாகவே விடுவிக்கும்படி எழுதச் சொல்லி மூர்த்தி என் தலையில் கட்டினார். உள்ளே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில நாள் கழித்து, எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

அன்று ஷர்மினி போன் செய்தாள்.

“அண்ணே, அஞ்சாம் மெஷின்ல கமலநாதன் அண்ணன் உள்ள இருக்காரு. வேலை இழுக்குது. ஹேண்டல் தானா விட்டுறப் போகுது, கொஞ்சம் நிறுத்தி வைங்க லா.”

“நெஜமாவே ஆள் இருக்காரா, இல்ல உங்க பக்கம் மறந்துடுச்சா?”

“நெஜமாத்தாண்ணே. இங்கேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் பேசுறேன்.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கமலநாதன் நல்ல மனிதர். மழை பெய்தால் அவர் காரில்தான் வீட்டுக்குப் போவேன். அவருடைய கருமாதிக்கு உலு திராமில் இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்படி நடந்தது என்று அவர் மனைவி கிருஷ்ணம்மா கேட்டார். ஹேண்டல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்துப் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன்.

என் புரோகிராம் தானாக விடுவித்ததால்தான் அவர் செத்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. எழுதச் சொன்னதற்காக மூர்த்தியை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அந்த அறிக்கையைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். என் புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை, துவான். தானாக விடுவிக்கும் பகுதியை நான் எழுதவே இல்லை. அடுத்தவர் பிடித்திருப்பதைப் பிடுங்கும் புரோகிராமை எழுத எனக்கு மனசு வராது. நின்றுபோன இயந்திரங்களை, உள்ளே ஆள் இல்லையென்று காமிராவில் ஒவ்வொன்றாகப் பார்த்து, நானேதான் விடுவித்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் பார்த்தேன். உள்ளே ஆள் இருந்தார். நான் கூட்டத்தில் கேட்டது சரிதான் என்று அவர்களுக்குப் புரிய வேறு வழி இல்லை, அதனால் விடுவித்தேன்.