தொப்பி சரி, மீசை ஆகாது

“மீசைய எடுத்துட்டு ஊருக்குள்ள போனா யாரு செத்ததுன்னு துட்டி கேக்க வந்துருவாவ, அண்ணாச்சி.”

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் ஓட்டல் சீருடையோடு இருந்தவர் இப்படிச் சொன்னார். முப்பது வயதிருக்கும். பக்கத்தில் அவர் ஊர்க்காரர், மடியில் மாட்டுத் தீவனப் பையோடு.

“முடி சாம்பார்ல விழுந்துரக் கூடாதுன்னுதானல ஓட்டல்ல எடுக்கச் சொல்லுதாவ.”

“நகம் வெட்டச் சொன்னாவ, வெட்டினேன். தொப்பி போடச் சொன்னாவ, போடுதேன். குழாயில தண்ணி வராத அன்னைக்கும் குளிச்சிட்டுத்தான் போறேன். மீசைய மட்டும் எடுக்க மாட்டேன். நம்ம பக்கம் அப்பா செத்தாத்தான எடுப்போம். மேனேஜரு வழிச்சிருக்காருன்னா அது அவரு ஊரு வழக்கம்.”

“முகக்கவசம் போடுதேன்னு சொல்லிப் பாரேன்.”

“சொன்னேன். சிரிக்கது தெரியணுமாம். இன்னைக்கு வழிச்சிட்டு வரலைன்னா வேலைக்கே வரவேண்டாம்னுட்டாரு.”

“உங்கப்பா என்ன சொல்லுதாரு?”

“எடுத்துருல, வேலைதான் முக்கியம்னாரு.”

“பெறகென்ன? அவரே சொல்லிட்டாருல்லா.”

“சொல்லிட்டு, சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. கூப்பிட்டாலும் திரும்பல.”

பேருந்து புறவழிச்சாலை நிறுத்தத்தில் நின்றது. சீருடைக்காரர் எழுந்து, தன் பையிலிருந்த தொப்பியை எடுத்துக் காது மறைய இழுத்து மாட்டிக்கொண்டார். மீசை அப்படியே இருந்தது.

“போயி என்னல சொல்லப் போற?”

“எங்கப்பா நல்லாத்தான் இருக்காருன்னு சொல்லுவேன்.”