தமிழ் தெரியாத கணவர்

"அக்கா, அவர் எழுதின காகிதத்துல நான் செத்துப்போயிட்டேன்."

பிஜித் தீவில், நவுசோரியிலிருந்து சுவா போகும் பேருந்தில், எனக்குப் பின் இருக்கையில் கேட்டது. ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நம்மவர்கள் பாதிப் பேர் வெளிநாட்டுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பேசியவர்கள் அக்கா, தங்கை. தங்கையின் கணவர் எனக்கு முன் இருக்கையில் ஜன்னலோரம் இருந்தார்.

"மெதுவாப் பேசுடி."

"அவருக்குத் தமிழ் எங்க தெரியும்? இருபத்திரெண்டு வருஷமா வீட்ல இந்திதான்."

"என்ன காகிதம்?"

"கனடா போற மனு பாரம். அவர் கோட்டுப் பையில இருந்திச்சி. பெண்சாதின்னு கேட்ட எடத்துல என் பேரு. பக்கத்துல, இறந்தவர்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு."

"நீ கேக்கலியா?"

"எப்படிக் கேக்க? இன்னிக்கிக் காலையில அவரே டீ போட்டுக் குடுத்தார். ஒரு நாளும் செஞ்சதில்லக்கா."

"இப்ப சுவாவுக்கு எதுக்குப் போறீங்க?"

"என்னைய போட்டோ புடிக்கணுமாம். நல்ல சேலை கட்டச் சொன்னார். செத்தவளுக்கு எதுக்குக்கா பாஸ்போர்ட்டு?"

"பாஸ்போர்ட்டுக்குன்னா சொன்னார்?"

"இல்ல. பெரிய போட்டோன்னார்."



"பெரிய போட்டோ மாலை போடத்தாண்டி. நீ எறங்குற எடத்துல நானும் எறங்குறேன்."

போட்டோ ஸ்டூடியோவுக்கு எதிரே பேருந்து நின்றது. கணவர் எழுந்து, திரும்பி, தடங்கலில்லாத தமிழில் சொன்னார்:

"நீங்க ஒக்காருங்க அக்கா. அவ மட்டும் எறங்கட்டும்."