மார்ச் மாதத்துக் கேன்

எம்னா: மறுபடியும் கலங்கலா?

ரவ்தா: பேசாதே. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

எம்னா: பத்து நிமிஷம் என்ன, பத்து மாசம் வெச்சாலும் அது அப்படியேதான் இருக்கும். மையைக் கரைச்சு விட்ட மாதிரி.

ரவ்தா: நீ உன் வேலையைப் பாரேன்.

எம்னா: எனக்கு என்ன வேலை இருக்கு? நாலு வருஷமா மாதுளைத் தோலைக் காய வெச்சு, இடிச்சு, அந்தச் சாறுல இரும்பு உப்பைக் கலந்து சாயம் எடுக்கற இரும்புப் பொடி பண்ணினேன். அதையும் நம்ம லேப் தலைவி மேடம் சுஹைரா ஒரே நாள்ல உன் கையில தூக்கிக் குடுத்துட்டாங்க. இப்ப நான் வேடிக்கை பாக்கற உத்தியோகம்.

ரவ்தா: ஆரம்பிச்சிட்டியா…

எம்னா: நான் எங்கடி ஆரம்பிச்சேன்? சரி, இது எத்தனாவது குடுவை?

ரவ்தா: முப்பத்தி ஒண்ணு.

எம்னா: மாஷா அல்லாஹ்!

ரவ்தா: கிண்டலா?

எம்னா: பொறுமையைப் பாராட்டறேன். மார்ச் மாசம் முதல் தடவையிலேயே வந்துச்சே உனக்கு. ராசியான கைன்னு மேடம் உன் நெத்தியில முத்தம் குடுத்தாங்களே… அந்தக் கை எங்க போச்சு?

ரவ்தா: ஒரு தடவை மட்டும் இல்ல. ஒன்பது நாள் தொடர்ந்து வந்தது. நீயே பாத்தியே. ஜீன்ஸ் கழுவின நீலத் தண்ணியில நம்ம பொடியைப் போட்டுக் கலக்கி வெச்சா, கால் மணி நேரத்துல பால் திரியற மாதிரி திரிஞ்சு, சாயத்தையும் இழுத்துக்கிட்டு அடியில போய் உக்காந்துது. மேல தண்ணி கண்ணாடி.

எம்னா: பாத்தேன், பாத்தேன். போட்டோ எடுத்ததே நான்தானே. என் விரல் தெரியுதுன்னு ஓரத்தை வெட்டிட்டுப் போட்டீங்க.

ரவ்தா: ஒரு விரலுக்கா இவ்வளவு கோவம்?

எம்னா: விரலுக்கு இல்ல. ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேர் நாலாவது. ஹாத்திம் பேர் மூணாவது. அவன் என்ன பண்ணினான்? மைக்ராஸ்கோப் ஸ்விட்சைப் போட்டான். அப்புறம் அணைச்சான்.

ரவ்தா: அதை மேடம்தான் முடிவு பண்ணாங்க.

எம்னா: நீ ஒரு வார்த்தை கேட்டியா அவங்ககிட்ட?

ரவ்தா: அந்தக் குடுவையை இப்படித் தள்ளு.

எம்னா: கேக்கல.

ரவ்தா: எம்னா, இப்ப இதெல்லாம் வேண்டாமே. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இத்தாலிக்காரங்க ரெண்டு பேர் இதே மேஜை முன்னாடி வந்து நிப்பாங்க. அவங்க கண்ணு முன்னால இந்தத் தண்ணி தெளியணும். தெளியலேன்னா அவங்க ஊர்ல எனக்குக் கிடைச்ச ரெண்டு வருஷ ஆராய்ச்சி இடம் போச்சு. கட்டுரையும் பொய்யின்னு ஆயிடும். நாலு பேர் பேரும்தான் நாறும்.

எம்னா: என் பேர் கடைசியிலதானே இருக்கு. நாத்தம் அங்க வந்து சேர நேரமாகும்.

ரவ்தா: சிரிக்காதேடி…

எம்னா: சரி, இடம் போனா என்ன? அடுத்து யாராவது போவாங்க.

ரவ்தா: அடுத்த ஆள் நீதான். பட்டியல்ல ரெண்டாவது உன் பேர்தான் இருக்கு.

எம்னா: அப்படியா! எனக்குத் தெரியாதே.

ரவ்தா: வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லு.

எம்னா: … கழிவறைக்குப் போற வழியிலதானே அந்த அறிவிப்புப் பலகை இருக்கு. கண்ணுல பட்டுச்சு.

ரவ்தா: பாஸ்போர்ட்டைக்கூடப் புதுப்பிச்சிட்டியாமே.

எம்னா: யாரு சொன்னா?

ரவ்தா: உன் தங்கச்சி. அக்காவுக்கு ராத்திரி பகலா இத்தாலியப் பாடம் ஓடுதுன்னு சொன்னா.

எம்னா: அவ நாக்கை அறுக்கணும்! சும்மா… காதுக்கு நல்லா இருக்கேன்னு கேக்கறேன்.

பஷீர்: என்ன பொண்ணுங்களா, இன்னும் கிளம்பலியா? கேஸ் குழாயை மூடிட்டு நான் கதவைப் பூட்டணும்.

ரவ்தா: அரை மணி நேரம் குடுங்க, பஷீர் மாமா. நாளைக்கு ஆளுங்க வராங்க, தெரியுமில்ல.

பஷீர்: தெரியும், தெரியும். தரையை மூணு தடவை துடைக்கச் சொன்னாங்க. கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாங்க. என் மீசையை மட்டும்தான் விட்டு வெச்சாங்க. அது சரி, அந்த மாதுளைத் தோல் மிச்சம் இருந்தா குடுங்களேன். வீட்டுல கம்பளி நூலுக்குச் சாயம் ஏத்தணும்னு கேட்டா.

எம்னா: அந்த மூட்டையை எடுத்துக்கங்க மாமா. உங்க வீட்டுல பிடிக்கிற சாயமாவது பிடிக்கட்டும். இங்க எதுவும் நடக்கல.

பஷீர்: அல்லாஹ் நல்லது பண்ணுவான். அரை மணி நேரம்தான்!

எம்னா: … போயிட்டாரா?

ரவ்தா: போயிட்டார். எம்னா… ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. இந்தத் தோலோட நாலு வருஷம் மல்லுக்கட்டினவ நீ. மார்ச்சுல என்ன வித்தியாசம் இருந்துச்சுன்னு உனக்கு ஏதாவது தோணுதா?

எம்னா: எனக்கு என்ன தோணும்? எனக்கு வந்திருந்தாத்தானே தோணும். நாலு வருஷத்துல ஒரு நாளாவது அது அடியில உக்காந்துச்சா? தண்ணி முழுக்க மிதந்துக்கிட்டே நிக்கும். சாயத்தை எடுக்கறேன்னு போட்ட பொடியை யாரு எடுக்கறதுன்னு அமைச்சகத்து ஆள் கேட்டான். நான் அவமானப்பட்டு நின்னேன். அப்ப நீ எங்க இருந்தே? பள்ளிக்கூடத்துலயா?

ரவ்தா: மூணு வருஷம்தான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

எம்னா: மூணு வருஷம், ஒரு மாதுளை மூட்டை.

ரவ்தா: எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். தோலை மாதுளைக்குப் பேர்போன தஸ்தூர்ல இருந்து வரவழைச்சேன். இரும்பு உப்பு புதுப் புட்டி. பழைய புட்டியிலயும் பண்ணினேன். வடிதாள் மாத்தினேன். சூட்டைக் கூட்டினேன், குறைச்சேன். மார்ச்சுல குளிரா இருந்துச்சேன்னு ஐஸ் வெச்சுக்கூடப் பண்ணினேன்.

எம்னா: ம்.

ரவ்தா: என்ன ‘ம்’?

எம்னா: கேட்டுக்கிட்டிருக்கேன்டி. பாவம், நல்லாத்தான் உழைச்சிருக்கே.

ரவ்தா: உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்.

எம்னா: எனக்கா?

ரவ்தா: சொல்லு. சந்தோஷம்தானே?

எம்னா: ஆமா, சந்தோஷம்தான். போதுமா? எனக்கு எரியுது, ரவ்தா. மறைக்க மாட்டேன். மேடம் உன்னை ‘மகளே’ன்னு கூப்பிடறாங்க. என்னை எப்படிக் கூப்பிடறாங்க தெரியுமா? ‘எம்னா, சாவி எங்க?’ நாலு வருஷமா அதேதான். என் பேரோட சேந்த ஒரே வார்த்தை சாவி.

ரவ்தா: எனக்கு மட்டும் எரியலேன்னு நெனச்சியா? நான் இங்க வந்த முதல் வாரம் எதைக் கேட்டாலும் ‘எம்னாகிட்டக் கேளு’, ‘எம்னாவுக்குத் தெரியும்’, ‘எம்னா கண்ணாலயே எடை போட்டுடுவா’. ஹாத்திம் சொல்றான், மேடம் சொல்றாங்க, பஷீர் மாமாகூடச் சொல்றார். நான் தராசுல வெச்சு நிறுத்ததை நீ எட்டிப் பாத்துட்டு ‘ஒரு சிட்டிகை கூட’ன்னு சொல்லுவே. அதுவும் சரியா இருந்து தொலைக்கும்! வீட்டுக்குப் போய் அழுவேன்.

எம்னா: … அழுதியா? நெசமாவா?

ரவ்தா: ரொம்பச் சந்தோஷப்படாதே.

எம்னா: இல்ல… கொஞ்சமாத்தான்.

ரவ்தா: சரி விடு. இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் எரிய ஒண்ணும் மிச்சம் இல்ல. நாளைக்கு முன்னாடி நின்னு பேசப் போறது ஹாத்திம்.

எம்னா: யாரு?

ரவ்தா: ஹாத்திம். மார்ச்சுல அந்தக் கலக்கற மெஷினை அவன்தானே ரிப்பேர் பண்ணினான். அது சுத்தின வேகத்துலதான் பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டதுன்னு மேடம்கிட்டச் சொல்லியிருக்கான். படமெல்லாம் வரைஞ்சு காட்டினானாம்.

எம்னா: மேடம் நம்பிட்டாங்களா?

ரவ்தா: வேற காரணம் யார்கிட்ட இருக்கு? நாளைக்குத் தெளியாட்டியும் அவன் பேசிச் சமாளிப்பான்னு சொன்னாங்க. அடுத்த கட்டுரைக்கு அவன் பேர்தான் முதல்ல.

எம்னா: ஹாத்திமா?

ரவ்தா: ஹாத்திம்தான்.

எம்னா: அந்த ஸ்விட்ச் போடறவனா?

ரவ்தா: கத்தாதேடி, நடையில ஆள் இருக்கப் போறாங்க.

எம்னா: இருக்கட்டும்! அவன் ஒண்ணும் பண்ணல. மெஷினும் ஒண்ணும் பண்ணல. அது அன்னைக்குச் சுத்தினதும் ஒண்ணுதான், இன்னைக்குச் சுத்தறதும் ஒண்ணுதான். பண்ணினது நான்!

ரவ்தா: என்ன சொல்றே?

எம்னா: தோலை மாத்தினே, உப்பை மாத்தினே, வடிதாளை மாத்தினே. தண்ணியைப் பாத்தியாடி? படிச்ச கழுதை! அந்த ஒன்பது நாளும் எந்தக் கேன் தண்ணி?

ரவ்தா: … நீயே சொல்லு.

எம்னா: அன்னைக்குக் காலையில மேடம் வந்தாங்க. ‘எம்னா, இனிமே தோல் வேலையை ரவ்தா பாக்கட்டும். நீ அவளுக்குத் தண்ணிக் கேனை நிரப்பி வை.’ கையைக்கூட நீட்டல, கண்ணாலயே கேனைக் காட்டினாங்க. தூக்கிட்டுப் போனேன். காய்ச்சி வடிக்கிற மெஷின் ஒரு பக்கம். அதை ஒட்டியே கை கழுவற தொட்டி. என் கை… அந்தப் பக்கம் போச்சு.

ரவ்தா: குழாய்த் தண்ணியா?

எம்னா: குழாய்த் தண்ணிதான். நம்ம மொனஸ்தீர் ஊர்க் குழாய்த் தண்ணி. அதுல டீ போட்டா வாயில வைக்க முடியுமா? பாதி சுண்ணாம்பு, பாதி உப்பு. பத்து லிட்டரையும் நிரப்பிக் கொண்டுவந்து உன் மேஜையில வெச்சேன். உன் முதல் நாள் கெடணும். மேடம் முன்னாடி நீ திருதிருன்னு முழிக்கணும். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். ஆனா அந்தச் சுண்ணாம்பு பொடியையெல்லாம் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சிடுச்சு. நான் நாலு வருஷம் சுத்தமான தண்ணியை வெச்சுக்கிட்டு அழுதிருக்கேன். குழாயைத் திருகியிருந்தா முடிஞ்சிருக்கும்! அடுத்த கேனை வடிச்ச தண்ணியில நிரப்பினேன், அதான் உனக்கும் நின்னுபோச்சு.

ரவ்தா: அன்னைக்கே ஏன் சொல்லல?

எம்னா: என்னன்னு சொல்ல? ‘உனக்குக் குழி வெட்டினேன், அதுல புதையல் வந்துச்சு, பாதியைக் குடு’ன்னா? மேடம் உன்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கறாங்க. நான் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். கண்ணு உங்க மேலயே இருந்துச்சுடி. அதுலதான் விரல் விழுந்துச்சு படத்துல.

ரவ்தா: இன்னைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இத்தாலி உனக்குத்தான் வந்திருக்கும்.

எம்னா: இருந்திருப்பேன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இருக்கணும்னுதான் வந்தேன். கண்டுபிடிச்ச பேர் உனக்குப் போனாக்கூடப் பல்லைக் கடிச்சுக்கலாம், நீயாவது அழுதிருக்கே. அவனுக்கு? முடியாது! என் பாவம் அது. என் பாவத்துக்கு ஹாத்திம் கைதட்டு வாங்கறதா?

ரவ்தா: எம்னா…

எம்னா: எழுந்திரு. பஷீர் மாமா வர்றதுக்குள்ள கேனைக் குழாயில பிடிச்சுட்டு வா. இப்பவே பாத்துடலாம். மேடம்கிட்டப் போய்ச் சொல்லணும்னா சொல்லிக்கோ. துரத்தினா துரத்தட்டும்… ஏண்டி உக்காந்திருக்கே? ஏண்டி முகத்தைத் திருப்பறே?

ரவ்தா: கேன் வேண்டாம். என் அலமாரியைத் திற. கீழ்த்தட்டு, பழைய தாளுக்குப் பின்னாடி.

எம்னா: என்ன இருக்கு அங்க? … யா ரப்பி! தெளிஞ்சிருக்கே! ஒண்ணு, ரெண்டு… ஆறு புட்டி. எல்லாமே தெளிஞ்சிருக்கு. இதென்ன தேதி, ஏப்ரல் இருபத்தி ரெண்டா?

ரவ்தா: மார்ச்சுக் கேன் காலியானப்ப கவுத்து வெச்சேன். காஞ்சதும் பாத்தா, அடியில வெள்ளையாப் பொருக்கு. காய்ச்சி வடிச்ச தண்ணியில பொருக்கு எப்படி வரும்? குழாயில பிடிச்சுப் பண்ணிப் பாத்தேன். அன்னைக்கே வந்துடுச்சு. எவ்வளவு சுண்ணாம்பு இருந்தா உக்காரும், எவ்வளவு குறைஞ்சா மிதக்கும்னு கணக்குகூட எடுத்தாச்சு. கட்டுரை எழுதி முடிச்சு வெச்சிருக்கேன்.

எம்னா: கேனை நிரப்பினது யாருன்னு…

ரவ்தா: தெரியும். நிரப்பறவ நீ ஒருத்திதானே.

எம்னா: அப்ப இந்தக் கலங்கல் குடுவை எல்லாம்?

ரவ்தா: ஏப்ரலுக்கு அப்புறம் பண்ணினதெல்லாம், எனக்கு இன்னும் பிடிபடலேன்னு நீ பாத்து நம்பணும்னு பண்ணினது. சுத்தமான தண்ணியில.

எம்னா: ஹாத்திம் கதையும் நாடகமா?

ரவ்தா: அது நெசம். அவன் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறான். உனக்கு இப்படிச் சுடும்னு நான் நெனைக்கல.

எம்னா: எல்லாம் உன் கையில இருந்துச்சு. நாளைக்கு ஜெயிக்கறதும் நீதான். பின்ன எதுக்குடி ஒண்ணும் தெரியாதவ மாதிரி என்னைக் கேட்டே?

ரவ்தா: நாளைக்கு ஹாத்திம் பேசி முடிச்சதும், இதை நான் தனியாக் கண்டுபிடிச்சேன்னு எழுந்து நின்னு சொல்லணுமே. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டா என் மனசு என்னை உறுத்தாதுன்னு நெனச்சேன்… நீ சொல்லிடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டேதான் கேட்டேன், எம்னா.