சிவப்பு மை கூப்பிடவில்லை

டெக்னீஷியன்: அக்கா, இன்னைக்கு இது மூணாவது தப்பு. பாட்டு வந்த வருஷத்தை மாத்திச் சொல்லிட்டீங்க.

அறிவிப்பாளர்: தெரியும். போன் வருதா பாரு.

டெக்னீஷியன்: வரலையே... இந்நேரம் சிவப்பு மை லைன்ல வந்து காய்ச்சி எடுத்திருப்பாரே!

அறிவிப்பாளர்: நேத்தும் வரலை.

டெக்னீஷியன்: நிம்மதின்னு விடுங்கக்கா. முப்பது வருஷம் அச்சாபீஸ்ல பிழை திருத்தின மனுஷன், ரிட்டயர் ஆனதும் நம்ம ரேடியோவைப் பிடிச்சுக்கிட்டார், நாலு வருஷமா. போன வாரம் நான் இருமினதுக்குக்கூட...

அறிவிப்பாளர்: பாட்டு முடிஞ்சதும் மைக் குடு.

டெக்னீஷியன்: விளம்பரம் இருக்கு. மேனேஜர் என்னைத் தொங்க விட்டுடுவார்!

அறிவிப்பாளர்: என்னைத் தொங்கவிடச் சொல்லு. சிவப்பு மை வீட்ல ஒண்டி ஆளுடா.

டெக்னீஷியன்: ...ம். பேசுங்க.

அறிவிப்பாளர்: நேயர்களே, ஒரு உதவி. செங்கல் சூளைக்குப் பின்னாடி பச்சைக் கதவு வீடு. அங்க இருக்கிற அச்சாபீஸ் பெரியவர் ரெண்டு நாளா எங்களைத் திட்டலை. பக்கத்துல யார் இருந்தாலும் கதவைத் தட்டிப் பாருங்க... ஐயா, கேட்டுட்டு இருந்தீங்கன்னா சத்தம் குடுங்க. ஆள் வர்றாங்க.

டெக்னீஷியன்: மைக் மூடிட்டேன். பாட்டு ஓடுது... அட, அதுக்குள்ள போன்! சூளையில கல் அடுக்குற அம்மா. ஓடிட்டே பேசறாங்க.

அறிவிப்பாளர்: இன்னொரு லைன்?

டெக்னீஷியன்: பால் வண்டிக்காரர், வண்டியைத் திருப்பிட்டாராம். இது... டிராக்டர்ல ஒருத்தர். உழுதுக்கிட்டே நம்மளைக் கேக்குறாங்களாக்கா! இத்தனை பேரா!

அறிவிப்பாளர்: அப்புறம் வாயைப் பிள. கதவைத் தொறந்தாங்களா?

டெக்னீஷியன்: இருங்க... இருங்க... தாழ்ப்பாளை உடைச்சுட்டாங்களாம். குளியலறையில வழுக்கி விழுந்து, நேத்துக் காலையிலிருந்து கிடந்திருக்கார். காலை அசைக்க முடியலை. பேச்சு இருக்கு! பால் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க... அக்கா, அழறீங்களா?

அறிவிப்பாளர்: தூசி. அடுத்த பாட்டை எடுத்து வை.

டெக்னீஷியன்: இருங்க, அவரே போனை வாங்கிட்டார். உங்ககிட்டதான் பேசணுமாம்.

அறிவிப்பாளர்: ஐயா... எப்படி இருக்கீங்க?

சிவப்பு மை: அந்தப் பாட்டு... அறுபத்தெட்டு இல்லை. எழுபத்தொண்ணு.

அறிவிப்பாளர்: தப்புதான் ஐயா.

சிவப்பு மை: கூடத்துல ரேடியோ ஓடிட்டே இருந்துச்சு. எல்லாம் கேட்டேன். போன்தான் எட்டலை.

அறிவிப்பாளர்: ஐயா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. தினம் ஒரு தப்பு... நான் வேணும்னேதான் சொல்லுவேன்.

டெக்னீஷியன்: என்னது! நாலு வருஷமாவா?

அறிவிப்பாளர்: நீ சும்மா இருடா... உங்க வீட்டம்மா போனதுக்கப்புறம், நாளுக்கு ஒரு தடவையாவது நீங்க யார்கிட்டயாவது பேசணும்னுதான் ஐயா...

சிவப்பு மை: அது எனக்கு முதல் வாரமே தெரியும்மா. தவறி வந்த பிழைக்கும், வேணும்னு வச்ச பிழைக்கும் வித்தியாசம் தெரியாமலா முப்பது வருஷம் ஓட்டினேன்? தினம் ஒண்ணுதான் உன் கணக்கு. இன்னைக்கு மூணு வந்துச்சு பாரு... அப்பவே உதவிக்குக் கத்தறதை நிறுத்திட்டேன், நீ ஆள் அனுப்பிடுவேன்னு.