ஏழு பி-க்கு ஒரே நாற்காலி

அந்த சார்ட்டையெல்லாம் அப்புறம் சுருட்டிக்கலாம் டீச்சர், உட்காருங்க. பிள்ளைங்க கிரவுண்ட்லேர்ந்து வர இன்னும் அரை மணி இருக்கு. தெரியும், ஹெச்.எம். காலைல கூப்பிட்டு இன்னையோட கடைசின்னு சொல்லிட்டாங்க. காரணம் கேட்டா நிர்வாகத்தோட முடிவுன்னாங்களா? அப்படித்தான் சொல்லுவாங்க.

நானும் இதே பீரோவத்தான் காலி பண்ணிட்டுப் போனேன். இனிமே சாக்பீஸையே தொட மாட்டேன்னு வீறாப்பா பேசினேன் பாருங்க, அது இன்னும் ஸ்டாஃப் ரூம் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். போய்ச் சேர்ந்தது பாட வீடியோ தயாரிக்கிற கம்பெனில. ஏசி, சுழல் நாற்காலி, எல்லாம் இருந்துச்சு. நாலே மாசம். ஒரு நாள் போனா கதவுல பூட்டு.

அப்புறம் ஸ்கூல் ஸ்கூலா ஏறி இறங்கினேன். பதினோரு இடத்துல டெமோ கிளாஸ். எல்லா இடத்துலயும் அதே பின்னக் கணக்கு, அதே பேப்பரை மடிச்சு, அதே சிரிப்பு. எண்ணி இருபது நிமிஷம். பின்னாடி மூணு பேர் உட்கார்ந்து மார்க் போடுவாங்க, அதுல ஒரு பொடிசு எங்கிட்ட படிச்சவ. தலையக் குனிஞ்சுக்கிட்டா, பாவம். மாமியார் வர்றவங்க போறவங்க கிட்டல்லாம், மருமக வீட்டுல சும்மாதான் இருக்கான்னு சந்தோஷமாச் சொன்னாங்க.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. திங்கக்கிழமை நான் இங்க திரும்பி வந்தன்னைக்கு நடந்ததுக்கே நீங்க சிரிச்சிருக்கணும். பத்து வருஷம் நின்ன கிளாஸ், அதுல போய் டெமோவ ஆரம்பிச்சுட்டேன். இருபதாவது நிமிஷம் சாக்பீஸைக் கீழ வெச்சுட்டு, கடைசி பெஞ்சப் பார்த்துக் கையக் கட்டிக்கிட்டு, இந்த வாய்ப்புக்கு ரொம்ப நன்றின்னு சொல்றேன். கடைசி பெஞ்சுல அந்த ரெட்டைப் பின்னல் எழுந்து, பரவாயில்ல மிஸ், நல்லாத்தான் நடத்துனீங்க, ஆனா பின்னம் நாங்க போன மாசமே முடிச்சுட்டோம்ங்குது. மிச்ச நேரத்துக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நீங்கதான் எழுந்து வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுத்த கணக்கப் போட்டீங்க. அன்னைக்கு உங்க மேல எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா? நீங்க நல்ல டீச்சர்ங்கிற கோவம்.

ரெண்டாவது டீச்சரா வந்திருக்கேன்னு நினைச்சீங்களாக்கும். எந்த ஸ்கூல்ல ஒரு கிளாஸுக்கு ரெண்டு பேரப் போட்டு வெச்சிருக்காங்க? போன வாரம் ஹெச்.எம். கிட்ட வந்து கெஞ்சினேன். எடமே இல்லையேன்னாங்க. அப்புறம் பேனாவ உருட்டிக்கிட்டே, காரணமில்லாம ஒருத்தர நிறுத்த முடியாது, பழைய டீச்சர் யாராவது எழுத்துல புகார் கொடுத்தா நிர்வாகத்துக்கிட்ட பேசிப் பார்க்கலாம்னாங்க.

ஆமா. நாந்தான். பாதிப் பாடம்கூட முடியல, பிள்ளைங்களுக்கு அடிப்படையே தெரியலன்னு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு வேற யாராவது சொல்லி உங்க காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னுதான் உட்காரச் சொன்னேன்.

இல்ல டீச்சர், பார்க்காம எழுதல. உங்க பாடக்குறிப்பு நோட்டு ஹெச்.எம். மேசை மேலேயே இருந்துச்சு. முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பொறுமையாப் படிச்சேன். ஒரு பாடம்கூட பாக்கி வெக்கல நீங்க. படிச்சு முடிச்சுட்டுத்தான் எழுதினேன்.