பாதியில் நின்ற வாலிபால் ஆட்டம்

மரக்காணம் தாண்டி உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்தபோது, பஸ்ஸின் முன் சீட்டில் இருந்த காக்கி பேண்ட்காரர் பக்கத்திலிருந்த நரைத்த மீசைக்காரரிடம் சொன்னார்:

“வாலிபால் நெட்டக் கழட்டி மடிச்சு வச்சிட்டோம்ண்ணே.”

மீசைக்காரர் சட்டென்று திரும்பினார். காக்கி பேண்ட்காரர் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்தில் ஓய்வு பெற்றவர் என்பது பேச்சில் புரிந்தது.

“ஏம்பா? சாயங்காலம் ஆட்டம் இல்லாம அது என்னா ஸ்டேஷனு?”

“ஆளு எங்கண்ணே? ஒரு ஷிப்டுக்கு டிரைவரோட சேத்து மூணு பேரு. டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போனா, போன் பண்ணி மறுபடி கூப்புடறாங்க. போன வாரம் ஒரு கூரை எரியுதுன்னு போனோம். தண்ணி ஓஸ் புடிக்க ஊர்க்காரங்களத்தான் கூப்ட்டோம்.”

“நம்ம காலத்துல ரெண்டு டீமுக்கும் போக, ஓரமா நின்னு கத்துறதுக்கே ஆளு இருக்கும். மணி அடிச்சா பந்த அப்படியே போட்டுட்டு வண்டி ஏறுவோம். நெருப்ப அணைச்சிட்டு வந்து, கரி மூஞ்சியோட அதே பாயிண்ட்ல இருந்து ஆடுவோம்.”

“நீங்க ரிட்டயர் ஆன அன்னிக்கு ஆட்டம் மட்டும் முடியலண்ணே. பதினாலுக்குப் பதினாலுல மணி அடிச்சிது. திரும்பி வந்ததும் மாலை போட்டு அனுப்பிட்டோம்.”

“பந்து யார் கையில இருந்திச்சு?”

“உங்க கையிலதான்.”

மீசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப சர்வீஸ் நான்தான் போடணும். நெட்டக் கட்டி வைப்பா, ஞாயித்துக்கெழம வர்றேன்.”

“வாங்கண்ணே. எதிர்ல நின்னு எடுக்கத்தான் ஆளில்ல.”