டீச்சருக்கு நான் படித்துக் காட்டிய கடிதங்கள்

கடிதம் படிக்கக் காலை வெளிச்சம்தான் நல்லது. மத்தியானமானால் கடலிலிருந்து எழும் ஒளி தாளில் பட்டுக் கண் கூசும். அதனால் உங்கள் கடிதம் சாயங்காலப் படகில் வந்தாலும் மறுநாள் காலையில்தான் பிரிப்போம். டீச்சர் குளித்துத் தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்திப் பாயில் வந்து உட்காருவார். மகனையே பார்க்கப் போகிறவர் மாதிரி.

சமிசோனி அண்ணா, நான் லெசியேலி. உங்கள் அம்மாவுக்கு ஒன்பது வருடமாகக் கடிதம் படித்துக் காட்டுகிறவள். அவர் சொல்லச் சொல்ல உங்களுக்குப் பதில் எழுதியவளும் நான்தான். நேற்று படகுத்துறையில் நீங்கள் அவரைக் கோபித்துக்கொண்டபோது, பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அரை மணி நேர ஆபரேஷன்மா. அதுக்குப் பயந்துக்கிட்டுக் கண்ணையே தொலைச்சிட்டியே," என்றீர்கள்.

"என்னப்பா பண்றது, கத்தின்னா எனக்கு பயம்," என்றார் டீச்சர்.

அது உண்மையில்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். குடையை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வயது வரைக்கும் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மற்ற வாத்தியார்கள் பிரம்பால் முயன்று பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அங்கே உட்கார்ந்தவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்கள் அம்மா, கலோலைனே டீச்சர், எங்கள் வகுப்புக்கு வந்த வருடம், பள்ளி விட்டதும் என்னைத் தன் சமையலறைக்குக் கூட்டிப்போனார். புத்தகம் எடுக்கவில்லை. மீன் டின், பிஸ்கட் டின், சோப்பு உறை எல்லாவற்றையும் தரையில் வைத்து, என் விரலைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தின் மேலும் வைத்தார். நான் பயந்துபோய் எதையாவது உளறிவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவுவேன்.

"ஏண்டி, எழுத்து என்ன நண்டா, ஓடிப் போய் வளைக்குள்ள ஒளிய? நின்னு பிடி."

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. உயர்நிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் மூன்று தடவை தோற்றேன். மூன்று தடவையும் அவர் முகம் மாறவில்லை. மூன்றாவது தடவை, "பரீட்சைக்குத்தான் உன்னைத் தெரியல," என்றார். கூட்டுறவுக் கடையில் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். இந்தத் தீவில் என்னை ஓர் ஆளாக நினைத்தது அவர் ஒருவர் என்று எழுதினால், எனக்கு நானே வக்காலத்து வாங்குவதாக நினைப்பீர்கள். வாங்கத்தான் செய்கிறேன்.

அவருக்குக் கண் மங்கியபோது கடிதம் படிக்கப் போதகரின் மகள் இருந்தாள். நர்ஸ் பிசிலா இருந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். முதல் மூன்று வருடம் உங்கள் கடிதங்களை உள்ளது உள்ளபடியே படித்தேன். விரல் வைத்து, தடுக்கித் தடுக்கி. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

நான்காவது வருடம், ஆக்லாந்தில் அம்மாவுக்கென்று அறை கட்டி முடித்துவிட்டதாகவும் நவம்பரில் வந்து அம்மாவைக் கூட்டிப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதல் நாள் சாயங்காலமே கடையில் பிரித்துப் பார்த்துவிட்டேன். காலையில் தாளைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு வேலை அதிகம், இந்த வருடம் வர முடியாது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். டீச்சர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் முழங்காலைத் தடவித் தேடிப் பிடித்து,

"லெசியேலி, கவனிச்சியா? இன்னிக்கு நீ எங்கயும் நிக்கல," என்றார்.

தாளில் இல்லாததைப் படிக்கும்போது எனக்குத் தடுக்குவதில்லை. அது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, நான் பரீட்சையில் தேறியிருந்தால் பார்த்திருப்பேன். மகன் வரவில்லை என்ற துக்கத்துக்கு மேலே அந்தச் சந்தோஷம் இருந்தது. நான் அவரை இழக்க மனமில்லாமல் ஆரம்பித்தேன். அந்தப் பாராட்டுக்காகத் தொடர்ந்தேன். இரண்டில் எது கேவலம் என்று இன்னும் என்னால் முடிவு கட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு உங்களுக்கு வந்த பதில்களும் என்னுடையவைதான். "உன் அப்பாவின் கல்லறை இருக்கும் மண்ணை விட்டு வரமாட்டேன், இனி அந்தப் பேச்சை எடுக்காதே" என்ற வரியை அவர் சொல்லவில்லை. "வாழை குலை தள்ளியிருக்கு, நீ இருந்தா சாப்பிடுவே" என்றுதான் சொன்னார். ஆக்லாந்திலிருந்து யாராவது ஊருக்கு வந்தால், அவர்கள் திரும்பிப் போகும்வரை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டீச்சர் பக்கத்திலேயே இருந்தேன். எவ்வளவு அன்பு என்று ஊரே சொன்னது.

கண் டாக்டர்கள் பெரிய தீவுக்கு வருகிறார்கள், அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியதற்குப் பதிலாக, உங்கள் சின்ன மகளுக்குப் பல் விழுந்த கதையைப் படித்துக் காட்டினேன். டீச்சர் சிரித்தார். அந்த வாரமே நர்ஸ் பிசிலா பட்டியலோடு வந்தாள். வேலிக்கு வெளியிலேயே அவளை நிறுத்தினேன்.

"டீச்சருக்கு ஆபரேஷன்னா பயம். கடவுள் விட்டபடியே இருந்துட்டுப் போறேங்கறாங்க."

"யாரு, கலோலைனே டீச்சருக்கா பயம்? பள்ளிக்கூடத்தையே நடுங்க வெச்சவங்களுக்கா? நில்லு, நானே கேக்கறேன்."

"தூங்கறாங்க. இப்பத்தான் கண் அசந்தாங்க."

பிசிலா பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். டீச்சர் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்தார். யார் என்று கேட்டார். முட்டை கேட்டு வந்தார்கள் என்றேன். இது மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூலை.

அவர்தான் என்னைக் கோயிலில் வேதம் வாசிக்க அனுப்பினார். இந்த வருடப் பெண்கள் ஞாயிறுக்கு, "எங்க லெசியேலி தண்ணி மாதிரி வாசிப்பா, நீங்க கேட்டதில்ல," என்று போதகரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மறுக்க வழியில்லை. கோயிலுக்குப் போகும்போது உடுப்பின் மேல் கட்டும் பாயில் புதியதை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார். எழுந்து நின்றேன். முதல் வசனத்தில் மூன்று இடத்தில் நின்றேன். இரண்டாவதில் விரல் வைத்துத்தான் நகர முடிந்தது. பின்வரிசையில் ஒருத்தி இருமினாள். முன்வரிசையில் டீச்சர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பில் கணக்குத் தப்பாக வந்தால் எங்கே தப்பியது என்று தேடும்போது அப்படித்தான் சாய்ப்பார். பாதியில் அவர் தலை நிமிர்ந்தது. நான் வாசித்து முடித்தேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். விருந்து அடுப்பிலேயே இருந்தது. பாயில் உட்கார்ந்து, "கடைசியா வந்த கடிதத்தை எடு. மெதுவா படி," என்றார்.

படித்தேன். "அம்மா, ஏன் வேண்டாம் என்கிறாய்? என்மேல் என்ன கோபம்?" என்று எழுதியிருந்தீர்கள். 'கோபம்' என்பதை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். அவர் திருத்தினார். நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து, "ம், மேல," என்றார். அப்புறம், "மத்ததையும் எடு."

ஆறு வருடக் கடிதங்கள். மூன்று நாள் ஆயிற்று. என்னைத் திட்டவில்லை. தவறாகப் படித்த சொற்களை மட்டும் திருத்தினார். டாக்டர்கள் வருவதாக எழுதிய கடிதம் இரண்டாம் நாள் வந்தது. அதையும் அப்படியே கேட்டு, ஓர் எழுத்தைத் திருத்தினார்.

பிறகு பிசிலாவோடு பெரிய தீவுக்குப் போய்வந்தார். முற்றிப்போன புரையால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்களாம். மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததும் டீச்சர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டாராம். உங்களுக்குப் பிசிலாவே கடிதம் எழுதினாள். என்ன எழுதச் சொன்னார் என்று நேற்றுதான் தெரிந்தது. என் பொய்யைத் தன் பொய்யாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று உங்கள் பெட்டிகளைத் தூக்கிவந்து வைத்தபின் அவரிடம் கேட்டேன், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று. "உன்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிட்டா அப்புறம் யாரு உன்னைக் கூப்பிடுவா?" என்றார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆகவே நானே எழுதிவிட்டேன். உங்கள் அம்மாவைக் குருடியாக்கியது நான். பயந்தது அவர் இல்லை. உங்களை வேண்டாம் என்றது அவர் இல்லை. வியாழக்கிழமைப் படகில் அவரைக் கூட்டிப்போகிறீர்கள், போவதுதான் முறை. போதகரிடமும் போலீசிடமும் நீங்கள் எதைச் சொன்னாலும் மறுக்கமாட்டேன். எனக்கென்று கேட்க எதுவும் இல்லை.

ஒன்று மட்டும். இதை டீச்சருக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டுமென்று தோன்றினால், தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள்.